வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்குவோர் அதைத் திறக்க வேண்டிய நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் (வால்வுகளால்) ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் மீண்டும் வீட்டுக் கூடங்களுக்கு வந்துகொண்டிருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உட்கார்ந்து, வேறு வேலை பார்க்காமல் பாட்டுக் கேட்கும் பழக்கம் இளைஞர்களிடம் திரும்பி வருவதை அக்கட்டுரை மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தது. அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் ஒலியின் இனிமையையும் கண்ணாடிக் குழாய்களின் ஒளியையும் விலையையும் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிய கட்டுரையாளர், அந்தப் பெட்டிக்குள் பல நூறு வோல்ட் டிசி மின்னழுத்தம் இருக்கிறது என்பதையோ, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கக் கூடும் என்பதையோ ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. பாலிடெக்னிக் ஒன்றின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், வால்வு கருவிகளைப் பழுது பார்ப்பதை இன்றும் விடாதவன் என்ற முறையில், விடுபட்டதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

எந்த ஆம்ப்ளிஃபையரை வாங்குவது என்பதையும், வாங்கியதை எப்படிப் பராமரிப்பது என்பதையும் இரண்டு தனித்தனிப் பேச்சாகவே எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். வால்வு கருவியைப் பொறுத்தவரை இவற்றைப் பிரிக்க முடியாது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வு தேயும் பொருள்; சில ஆயிரம் மணி நேரம் ஓடியபின் மாற்றியே ஆக வேண்டும். ஆகவே இந்தப் பெட்டி என்றாவது ஒருநாள் கட்டாயம் திறக்கப்படும். அன்றைக்கு அதை யார் திறப்பார், எதை அளப்பார், எதைத் தொடுவார் என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே பணத்தை எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மின்னழுத்தம் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடாக்கப்பட்ட கேத்தோடிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களை, வெற்றிடத்தின் குறுக்கே, எதிரே உள்ள பிளேட் இழுக்க வேண்டும். அப்படிப் பாயும் மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்பதால், போதிய வாட் கிடைப்பதற்கு அழுத்தம் பல நூறு வோல்ட்டாக இருந்தாக வேண்டும். பவர் வால்வு வகைகளில் இஎல் 84 வால்வுக்கு 300 வோல்ட் அளவிலும், இஎல் 34 வால்வுக்கு 400 வோல்ட்டுக்கு மேலும், கேடி 88 வால்வுக்கு 500 வோல்ட்டை ஒட்டியும் கொடுப்பது வழக்கம். இந்த அழுத்தத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கின்றன. 450 வோல்ட்டில் நிரம்பிய 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் சுமார் 10 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நெஞ்சின் குறுக்கே, இது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

சுவிட்சை அணைத்தால் சற்று நேரத்தில் இந்தச் சேமிப்பு தானே வடிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. நல்ல நிலையில் ஓடும் கருவியில் அது பெருமளவு உண்மைதான். ஏனென்றால் சூடாக இருக்கும் வால்வுகளே கெபாசிட்டரில் மிஞ்சியதை உறிஞ்சிவிடும். ஆனால் நாம் திறப்பது பழுதான கருவியை. கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பி அறுந்திருந்தாலோ, வால்வைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்திருந்தாலோ, வடிப்பதற்கென்று வைத்திருந்த ரெசிஸ்டர் காலப்போக்கில் அறுபட்டிருந்தாலோ, நிரம்பிய கெபாசிட்டர் நிரம்பியபடியே நெடுநேரம் நிற்கும். எந்தச் சூழ்நிலையில் கையை உள்ளே விடுகிறோமோ, அந்தச் சூழ்நிலையில்தான் அபாயமும் மிகுதி.

இங்கே இன்னொரு தவறான தைரியத்தையும் களைய வேண்டும். வீட்டின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தியிருக்கிறோம், ஷாக் அடித்தால் அது உடனே விழுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். குளியலறை ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது உயிர்காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான் அது பார்க்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையரின் உயர் அழுத்தம் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுற்றில் பிறக்கிறது. அதைத் தொட்டவரின் உடல் வழியே பாயும் மின்னோட்டம் அந்தச் சுற்றுக்கே திரும்பிவிடுகிறது. மெயின் போர்டிலிருந்து பார்த்தால் ஃபேஸும் நியூட்ரலும் சமமாகவே தெரியும், ஆர்சிசிபி அசையாது. இதை அறியாத மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

கெபாசிட்டரை வடிப்பதற்கு ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடும் பழக்கம் நம் கடைகளில் இன்றும் இருக்கிறது. அது கெபாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு இன்சுலேஷன் செய்த கம்பியையும் முதலைக் கிளிப்பையும் பொருத்தி வைத்துக்கொண்டால் போதும். பிளக்கை முழுவதுமாகக் கழற்றியபின், ஒரு கிளிப்பை முதலில் சேஸிஸில், அதாவது கருவியின் உலோக அடிச்சட்டத்தில் மாட்டி, மற்றதை ஒரே கையால் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் மாட்ட வேண்டும். மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இப்படி ஐந்து நொடிகளில் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதன்பின் மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்ய வேண்டும். மீட்டரும் அதன் கம்பிகளும் 1000 வோல்ட் டிசிக்கு உரியவையாக இருக்க வேண்டும். வடிந்த கெபாசிட்டரில் சிறிதளவு அழுத்தம் மீண்டும் தானே ஏறும் இயல்பு உண்டு. ஆகவே வேலை முடியும்வரை கிளிப்பைக் கழற்றாமல் இருப்பதே நல்லது. மீண்டும் மின்சாரம் கொடுக்கும் முன் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்ய விருப்பமோ பயிற்சியோ இல்லாதவர் வால்வு ஆம்ப்ளிஃபையரே வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம். அடிப்பகுதியைத் திறக்காமலேயே வால்வை மாற்றவும் பயாஸை அளக்கவும் இடம் தரும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துபோன பயாஸ் என்னும் விஷயம் தேர்வின் மையத்தில் இருக்க வேண்டியது. பாட்டு ஓடாதபோதும் பவர் வால்வு வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் பயாஸ். அது மிகக் குறைந்தால் மெல்லிய ஒலியில் கரகரப்பு வரும். மிகுந்தால் பிளேட் பழுக்கக் காய்ந்து சிவக்கும். வால்வு கெடும், அதோடு நிற்காமல் ட்ரான்ஸ்ஃபார்மரையும் எரிக்கும்.

கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறை ஒன்று. தனி நெகட்டிவ் அழுத்தம் கொடுத்து நாமே திருகிச் சரிசெய்யும் முறை மற்றொன்று. முன்னதை ஆட்டோ பயாஸ் என்றும், பின்னதை ஃபிக்ஸ்டு பயாஸ் என்றும் விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஃபிக்ஸ்டு என்ற பெயரைப் பார்த்து, அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அடிக்கடி பார்த்துச் சரிசெய்ய வேண்டியது அதுதான். கணக்கும் கடினமானதில்லை. இஎல் 34 வால்வின் பிளேட் தாங்கக்கூடிய உச்ச வெப்பம் 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட் என்ற அளவில் நிறுத்துவது பாதுகாப்பானது. பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் சுமார் 40 மில்லி ஆம்பியர். கேத்தோடில் 10 ஓம் ரெசிஸ்டர் இருக்குமானால், அதன் குறுக்கே 0.4 வோல்ட் காட்ட வேண்டும். இந்தச் சிறிய அழுத்தத்தை மேல்பக்கத்திலேயே அளக்கும்படி துளையும் திருகும் வைத்துத் தயாரிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1959இல் வெளிவந்த டைனகோ ஸ்டீரியோ 70 கருவியிலேயே முன்பக்க சாக்கெட் வழியாகப் பயாஸை அளந்துகொள்ள முடிந்தது. அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே செய்ய முடிந்த ஒன்றை இன்றைய விலையுயர்ந்த கருவி ஒன்று செய்யவில்லை என்றால், அதை ஒதுக்கிவிடுவதில் தவறில்லை.

முதன்முதலாக வாங்குபவருக்கு என் பரிந்துரை, ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு இஎல் 84 வால்வுகள் கொண்ட, ஆட்டோ பயாஸ் முறையில் இயங்கும், 10 வாட் அளவிலான புஷ்-புல் (இரு வால்வுகள் ஒலி அலையைப் பகிர்ந்து பெருக்கும்) ஆம்ப்ளிஃபையர். பிரிட்டனின் மல்லார்ட் நிறுவனம் 1950களில் வெளியிட்ட, ஐந்து வால்வுகளில் பத்து வாட் தரும் சுற்று இந்த வகைக்கு முன்னோடி. இன்றும் அதைப் பின்பற்றிப் பலரும் செய்கிறார்கள். அழுத்தம் ஓரளவு குறைவு, வால்வு விலை குறைவு, சரிசெய்ய வேண்டிய திருகு கிடையாது. இஎல் 84, அதற்கு முன் நிலையில் சிக்னலைப் பெருக்கும் சிறிய வால்வான இசிசி 83 ஆகியவற்றை ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே தயாரித்தது. அந்தப் பழைய இருப்பு அவ்வப்போது கிடைக்கவும் செய்கிறது. புதிய வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. அரிய வால்வில் ஓடும் கருவியை வாங்குபவர், மாற்று வால்வுக்கு வழி இருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து வாட் போதுமா என்பது ஸ்பீக்கரைப் பொறுத்தது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 100 டெசிபல் தரும். சாதாரணக் கூடத்துக்கு அது தாராளம். 84 டெசிபல் தரும் சிறிய ஸ்பீக்கருக்கு அதே ஒலியை எட்ட 40 வாட் தேவைப்படும். ஒற்றை 300பி வால்வில் சுமார் 8 வாட் தரும் கருவியை வாங்கிவிட்டு, ஒலி எழவில்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டியின் எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் சானலுக்கு ஒன்றாக அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டும் இருக்கும் ஸ்டீரியோ கருவி கனமாகவே இருக்கும். கையடக்கமான பெட்டியில் இரண்டு சிறிய வால்வுகள் ஒளிர, 100 வாட் என்று அச்சிட்டு விற்கப்படுபவற்றில் பவரைத் தருவது உள்ளிருக்கும் ஐசி சிப்தான். வால்வின் அடியில் ஆரஞ்சு நிற எல்இடி வைத்து ஒளிரச் செய்வதும் உண்டு. அவை கெட்ட கருவிகள் என்று நான் சொல்லவில்லை. வால்வு பவர் ஆம்ப்ளிஃபையர் என்ற பெயரில் அவற்றை விற்பதைத்தான் குறை சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய கருவிகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கக் கருவி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு உரியது. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்யப்பட்ட ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது, அதன் இரும்பில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். உறுமும், சூடேறும், சில மாதங்களில் எரிந்தும் போகலாம். பெயர்ப் பலகையில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்க்காமல் இணைக்கக் கூடாது. நம் ஊர் மின்சாரம் சில நேரங்களில் 250 வோல்ட்டை எட்டுவதால், 6.3 வோல்ட் ஹீட்டர்கள் அளவுக்கு மேல் காய்ந்து வால்வின் ஆயுள் குறைவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட பகுதியில் ஸ்டெபிலைசருக்குச் செய்யும் செலவு வீண்போகாது.

எர்த் விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பி சேஸிஸோடு உறுதியாக இணைந்திருக்க வேண்டும். பல கருவிகளை இணைக்கும்போது ஸ்பீக்கரில் வரும் உம்மென்ற ஹம் ஒலியைப் போக்க, எர்த் கம்பியைக் கழற்றிவிடச் சொல்லும் ஆலோசனை வாய்வழியாகப் பரவியிருக்கிறது. ஹம் போகும், உள்ளே ஃபேஸ் கம்பி உரசி சேஸிஸைத் தொட்ட நாளில் ஃபியூஸை எரிய வைக்க வேண்டிய பாதையும் சேர்ந்து போய்விடும். ஹம்முக்குக் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. எல்லாக் கருவிகளையும் ஒரே போர்டிலிருந்து இணைப்பதே பெரும்பாலும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். ஃபியூஸ் எரிந்தால், அதே ஆம்பியரில் அதே வகை ஃபியூஸையே போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, தாத்தா காலத்து வால்வு ரேடியோவையே ஆம்ப்ளிஃபையராக மாற்றி, அதில் செல்போனை இணைத்துக் கேட்கும் புது வழக்கம். டிசி மின்சாரம் வழங்கப்பட்ட ஊர்களையும் மனத்தில் கொண்டு, ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் ரேடியோக்கள் அக்காலத்தில் விற்கப்பட்டன. யுசிஎச் 81, யுஎல் 84, யுஒய் 85 என்று ‘யு’ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் அவற்றில் இருக்கும். அவற்றில் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது; மின்கம்பிகளில் ஒன்று நேரே சேஸிஸோடு இணைந்திருக்கும். இரண்டு முனை பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட் ஏறும். மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் இருந்தவரை பயன்படுத்தியவர் தப்பினார். அந்த சேஸிஸிலிருந்து ஓர் ஆடியோ கம்பியை இழுத்துச் செல்போனில் சொருகும்போது, போனைப் பிடித்திருக்கும் கைக்கே மெயின் மின்சாரம் வந்துசேர்கிறது. இப்படிப்பட்ட ரேடியோவில் மெயின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் தகுந்த ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பொருத்தாமல் எந்த வெளிக் கம்பியையும் இணைக்கக் கூடாது. பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் தெரியவில்லை என்றால் அனுபவம் உள்ளவரிடம் காட்டாமல் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள்.

பரணிலிருந்து இறக்கிய பழைய ஆம்ப்ளிஃபையருக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பதும் தவறு. பல ஆண்டுகள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் வெடிக்கலாம். வால்வுகளுக்கு இடையில் உள்ள பழைய பேப்பர் கெபாசிட்டர் கசிந்தால் பவர் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் முனைக்குப் பாசிட்டிவ் அழுத்தம் போய்ச் சேர்ந்து பிளேட் சிவந்துவிடும். இவற்றை மாற்றிய பிறகே, அதுவும் 100 வாட் சாதாரண ஃபிலமென்ட் பல்பை மின்சாரம் வரும் கம்பியில் தொடராக (சீரீஸில்) இணைத்து, முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டக் கூடாது. பாட்டு ஓடும்போது சுமை இல்லாவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் எழும் மிகை அழுத்தம் அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ட்ரான்சிஸ்டர் கருவியில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மூடிய அலமாரியில் வைக்க வேண்டாம். நம் கோடையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வால்வுகளின் மேல் கம்பிவலைக் கூண்டு கட்டாயம் இருக்க வேண்டும். பவர் வால்வின் கண்ணாடி தொட்டவுடன் கொப்புளிக்கும் அளவுக்குச் சுடும். வால்வுக்குள் வெள்ளிபோல் மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வைப் பயன்படுத்தக் கூடாது. பிளேட் சிவப்பதைக் கண்டால், யோசிக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. இந்தப் பொருள் குறித்து அடுத்து எதை வெளியிட்டாலும், விலைப்பட்டியலின் அருகே பாதுகாப்புக் குறிப்புகளுக்கும் ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் ஒதுக்க வேண்டும். இக்கருவிகளை விற்போரிடமும் கையால் செய்து தருவோரிடமும், ஒவ்வொரு கருவியோடும் அதன் சுற்று வரைபடத்தையும், பயாஸ் எவ்வளவு இருக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும் என்ற குறிப்பையும் அச்சிட்டுக் கொடுக்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் தர மறுக்கும் கடையிலிருந்து வாசகர்கள் வாங்காமல் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகப் பணியாளர்,
கும்பகோணம்.